நம்பத்தக்க மேஸ்திரி



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பழைய வீட்டைப் புதுக்குவதற்கு நம்பத்தக்க மேஸ்திரி ஒருவரைத் தெரிந்தெடுப்பது எப்படி என்பதாகும். "படிக்கின்ற நமக்கு இது எதற்கு? பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியமன்றோ?" என்று உங்களிற் சிலர் நினைக்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் நான் ஆசிரியனாக இருந்த ஊர்களில் ஒன்றைக் கண்டிருக்கிறேன். பல குடும்பங்களில் ஓர் ஒப்பந்தத் தாளை முழுவதும் படித்துப் பொருள் தெரிந்துகொள்ளக் கூடியவர், ஒரு சுவரின் கன அளவைப் பிழையின்றிப் பெருக்கிச் சொல்லக் கூடியவர், அந்த வீட்டில் படிக்கின்ற பிள்ளைதான். தாயும் தந்தையும் முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணம் ஒரே கோடையில் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறுகின்றபோது, அந்தப் பிள்ளை தேர்வுக்கு மட்டும் படித்துக்கொண்டு ஒதுங்கியிருப்பது சரியன்று. ஆகவேதான் உங்களிடம் இதைச் சொல்ல முன்வந்தேன்.

மேஸ்திரி என்று நான் சொல்லும்போது, கொத்தனாராயிருந்து படிப்படியாக உயர்ந்து, நான்கு கொத்தனார்களையும் ஏழெட்டுச் சித்தாள்களையும் வைத்து வேலையெடுக்கின்ற ஊர் மேஸ்திரியையும் குறிக்கிறேன். நகரங்களில் அலுவலகம் வைத்து நடத்துகின்ற ஒப்பந்தக்காரரையும் குறிக்கிறேன். பெயர்ப் பலகை வேறுபடலாம். நாம் பார்க்க வேண்டிய குணம் ஒன்றேயாம்.

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் பழமொழி. அதைச் சொன்னவர் கட்டிய வீட்டைப் பிரித்துப் பார்த்தவர் அல்லர் போலும்! புதிய வீடு கட்டுவதைக் காட்டிலும் பழைய வீட்டைப் புதுக்குவது அரிய வேலை. புதிய வீட்டில் கடைக்காலிலிருந்து எல்லாம் நம் கண்முன் எழும்புகின்றன. பழைய வீட்டிலோ சுவருக்குள் என்ன இருக்கிறது, தளத்துக்குள் எந்த மரம் உளுத்திருக்கிறது, தரைக்கடியில் எந்தக் குழாய் கசிகிறது என்பதைப் பூச்சு மறைத்துக்கொண்டிருக்கிறது. உடைத்துப் பார்த்தாலன்றி எவருக்கும் தெரியாது. இந்தத் தெரியாமையிலிருந்துதான் வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் இடையே வருகின்ற வழக்குகளிற் பெரும்பாலானவை பிறக்கின்றன.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், கெட்டிக்காரப் பையன். அவன் தந்தையார் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீட்டைப் புதுக்க நினைத்தார். ஆறு இலட்சம் ரூபாய்க்குப் பேச்சு முடிந்தது. தாளில் ஒன்றும் எழுதவில்லை. "கம்பி விலை ஏறப்போகிறது, இன்றே வாங்கிப் போட்டுவிடலாம்" என்று ஒருமுறை, "தளத்துக்கு ஆள் சொல்லிவிட்டேன்" என்று ஒருமுறை, இப்படியே நாலரை இலட்சம் மேஸ்திரியின் கைக்குப் போயிற்று. ஓட்டைப் பிரித்தாயிற்று, புதுத் தளம் போடவில்லை. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தது. வடகிழக்குப் பருவமழை நம் நாட்டில் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மண்சாந்தில் கட்டிய பழஞ்சுவர்கள் மேலே மூடல் இன்றி நனைந்து ஊறின. நடுச்சுவர் ஒன்று இரவில் சரிந்தது. நல்ல வேளையாக ஒருவரும் அங்கே படுத்திருக்கவில்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பையன் படிப்பை ஓராண்டு நிறுத்திவிட்டுக் கடையொன்றில் கணக்கெழுதப் போனான்.

அந்த மேஸ்திரி பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய கள்வர் என்று எண்ணிவிடாதீர்கள். நான் விசாரித்தவரையில் நடந்தது வேறு. அவர் ஒரே சமயத்தில் ஐந்து வீடுகளில் வேலையெடுத்திருந்தார். முதல் வீட்டு வேலையைப் போட்டியின் காரணமாகக் கட்டுப்படியாகாத தொகைக்குப் பேசிவிட்டார். அங்கு நேர்ந்த குறையை இரண்டாம் வீட்டு முன்பணத்தால் நிரப்பினார். இரண்டாம் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுப் பணம். இப்படியே சங்கிலி நீண்டது. புதிய வீடு கிடைத்துக்கொண்டிருக்கும் வரை சங்கிலி அறாது. ஒரு மாதம் புது வேலை வரவில்லையெனின், கடைசியில் நிற்கும் வீட்டுக்காரர் தலையில் எல்லாம் விழும். என் மாணவனின் தந்தையார் கடைசியில் நின்றார். நம்பிக்கை கெட்டுப்போகின்ற வழிகளில் கெட்ட எண்ணத்தைக் காட்டிலும் கெட்ட கணக்கே மிகுதி என்பது என் கருத்து.

ஆதலின், எல்லாரினும் குறைந்த தொகை சொல்லுகின்றவரைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். மூவரிடம் கேட்டு இருவர் ஏறக்குறைய ஒரே தொகையும், மூன்றாமவர் அதில் முக்கால் பங்கும் சொன்னால், அந்தக் கால் பங்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். சிமெண்டிலிருந்து வரலாம், கூலியிலிருந்து வரலாம், அடுத்த வீட்டுக்காரர் பணத்திலிருந்தும் வரலாம்.

ஒருவரைப்பற்றி விசாரிப்பதற்கும் முறையுண்டு. அவர் இப்பொழுது முடித்துச் சாயம் பூசி வைத்திருக்கும் வீட்டைக் காட்டுவார். அது புது மணப்பெண் போல அழகாய்த்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு மழைக்காலங்களைக் கண்ட வீடு எது என்று கேட்டு, அங்கே போங்கள். முகப்பைப் பார்க்க வேண்டாம். குளியலறையின் வெளிச்சுவரைப் பாருங்கள். சன்னலுக்கு மேலுள்ள மழைத்தடுப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மொட்டைமாடியில் தண்ணீர் வெளியேறும் துவாரத்தைச் சுற்றிப் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் "அவர் நல்லவரா?" என்று கேட்டால், "நல்லவர்தான்" என்றே விடை வரும், நம்மவர் பிறரைக் குறைசொல்லக் கூசுவர். "வேலை முடிந்து பணம் முழுவதும் கொடுத்த பிறகு, ஏதேனும் கோளாறு என்று கூப்பிட்டபோது வந்தாரா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் விடை பத்துச் சான்றிதழ்களுக்குச் சமானம். அப்படியே திரும்பும் வழியில் அவர் வழக்கமாகச் சிமெண்டும் கம்பியும் எடுக்கின்ற கடையில் நின்று, கடன் பாக்கியை ஒழுங்காகத் தீர்ப்பவர்தாமா என்றும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடலாம்.

எங்கள் வீடு காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஒன்றரையடி அகலச் சுவர்கள்; முன்கட்டில் ஓடு; பின்கட்டில் மெட்ராஸ் தளம். மெட்ராஸ் தளம் என்பது, உத்திரங்களின்மேல் நெருக்கமாக மரச்சட்டங்களை இட்டு, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் விளிம்பு நிற்கும்படி சாய்கோடாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து திமிசு போட்டு, தட்டோடு பதித்து முடிக்கின்ற பழைய முறை. இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வருவதற்குமுன் நம் நாட்டு மாடிகள் பெரும்பாலும் இவ்வாறே அமைந்தன. பின்கட்டில் இருந்த இரண்டு சிறிய அறைகளை ஒன்றாக்கிப் பெரிதாக்க வேண்டுமென்பது வீட்டாரின் விருப்பம். மூன்று மேஸ்திரிகளை வரவழைத்தேன்.

முதலில் வந்தவர் நடையில் நின்றபடியே ஒரு தொகையைச் சொன்னார். உள்ளே போய்ப் பார்க்கவும் இல்லை. இரண்டாமவர் மிக்க மரியாதையுடையவர். எதைக் கேட்டாலும், "செய்துவிடலாம் ஐயா" என்றார். நடுச்சுவரை எடுக்கலாமா என்றேன், எடுத்துவிடலாம் என்றார். ஒரு மாதத்தில் முடியுமா என்றேன், இருபது நாளில் முடியும் என்றார். மூன்றாமவர் ஏணி கேட்டார். தளத்தின் அடியில் ஏறி, உத்திரங்கள் சுவரில் இறங்குமிடங்களைக் கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி ஓசை கேட்டார். இறங்கிவந்து, "இந்த நடுச்சுவர்மேல்தான் இரண்டு உத்திரமும் உட்கார்ந்திருக்கின்றன. இதை எடுப்பது என்னால் தனியே சொல்லக்கூடிய வேலை இல்லை. ஒரு பொறியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். தெற்கு உத்திரத்தின் நுனி உள்ளே எப்படி இருக்கிறதோ, பூச்சைத் தட்டினால்தான் தெரியும். தெரியாமல் மொத்தத் தொகை சொன்னால், நீங்கள் ஏமாறுவீர்கள், அல்லது நான் ஏமாறுவேன்" என்றார்.

அவரையே அமர்த்திக்கொண்டேன். மற்ற இருவரைக் காட்டிலும் அவர் கேட்டது அதிகந்தான். ஆனால், பார்த்தது இது, பாராதது இது என்று பிரித்துச் சொன்னவர் அவர் ஒருவரே. பழைய வீட்டு வேலையில் நம்பிக்கைக்கு உரியவரை அடையாளம் காட்டுவது இதுவே என்று கொள்ளுகிறேன். எல்லாம் தெரிந்தவர்போல் நடிப்பவரிடம், தெரியாதது வெளிப்படும் நாளில் சண்டையைத் தவிர வேறொன்றும் எதிர்பார்க்க முடியாது. பொறியாளர் வந்து பார்த்து, சுவரை முழுவதும் எடுக்க வேண்டாமென்றும், மேலே தக்க உத்திரம் தாங்க நடுவில் ஓர் அகன்ற வாயில் மட்டும் விடலாமென்றும் வரைந்து கொடுத்தார். (வீட்டாருக்கு அதில் சற்று மனக்குறை உண்டு, அது வேறு கதை.)

இனி எழுத்துக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினது. வாய்ப்பேச்சாலும் ஒப்பந்தம் ஏற்படலாம். ஆனால் வாய்ப்பேச்சை மெய்ப்பிப்பது எளிதன்று. முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிடுவது சிறப்பு. என்ன எழுதுவது? இங்கேதான் உங்கள் கணக்குப் பாடம் வேலை செய்கிறது.

"சதுர அடிக்கு இவ்வளவு" என்று எழுதினாற் போதாது. எதன் சதுர அடி? தரையினுடையதா, சுவரினுடையதா? பூச்சு வேலைக்கு என்றால், கதவு சன்னல் திறப்புகளைக் கழிப்பதா, வேண்டாமா? இதில் எத்தனையோ மனத்தாங்கல்கள் வந்திருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் கட்டட வேலைகளை அளப்பதற்கென்று 1200 என்னும் எண்ணுள்ள தரவிதியை வகுத்திருக்கிறது. அதன்படி, அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புக்குக் கழிவில்லை. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரையில், சுவரின் இருமுகமும் ஒரே மாதிரி பூசப்பட்டிருந்தால், ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். மூன்றரையடி அகலமும் ஏழடி உயரமும் உள்ள கதவு இருபத்து நாலரைச் சதுர அடி. அதாவது, இரண்டேகால் சதுர மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆகவே இருபுறமும் சேர்த்து நாற்பத்தொன்பது சதுர அடியைக் கழிக்காமல் இருபத்து நாலரை மட்டும் கழிக்கிறோம். கழிக்காமல் விட்ட பாதி, திறப்பின் விளிம்புகளைக் கொத்தனார் பூசி முடிக்கின்ற உழைப்புக்கு ஈடாகும். இருவருக்கும் நியாயமான விதி. இதை முன்னமே தாளில் எழுதிவிட்டால் பின்னர்க் குரல் உயர வேண்டியதில்லை.

பொருளும் மேஸ்திரியே வாங்குவதாக இருந்தால் அளவு தெரிந்திருக்க வேண்டும். பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குல அகலம் உள்ள சுவர் எழுபத்தைந்து கன அடி. அதற்கு நம்மூர்ச் செங்கல் ஏறத்தாழ ஆயிரம் வேண்டும். நூறு சதுர அடிச் சுவரை அரை அங்குலக் கனத்தில், சிமெண்டு ஒன்றுக்கு மணல் ஐந்தாகக் கலந்து பூச ஏறத்தாழ முக்கால் மூட்டை சிமெண்டு ஆகும். கம்பியின் எடை அறிய அழகான சூத்திரம் ஒன்றுண்டு: குறுக்களவை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் நீளத்தின் எடை கிலோகிராமில் வந்துவிடும். 12 மில்லிமீட்டர்க் கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுத்தால் 0.889. ஆகவே 12 மீட்டர்க் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிற்க வேண்டும். சிமெண்டு மூட்டையின்மேல் அது உற்பத்தியான வாரமும் ஆண்டும் அச்சாகியிருக்கும்; மூன்று மாதத்துக்கு மேற்பட்டதாயின் ஏற்கத் தயங்குங்கள்.

கணக்கு என்றால் மேஸ்திரி அறியாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் மேஸ்திரி ஆறாம் வகுப்போடு நின்றவர். மூலைமட்டம் பார்க்க, ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி நூல் பிடித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார். நாம் பிதாகரஸ் பெயரால் கரும்பலகையில் எழுதுவதை அவர் மண்ணில் எழுதுகிறார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் அவர் கையில் இருப்பதைப் பார்த்தால் அறிவு வேறு, படிப்பு வேறு என்று தோன்றும். அவரிடம் சந்தேகம் கேட்பதில் உங்களுக்கு வெட்கம் வேண்டாம்; கேட்கின்ற பிள்ளைகளை நல்ல மேஸ்திரிகள் விரும்புவார்கள். கேள்வியை வெறுப்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டுவதைப்பற்றி ஒரு சொல். சாதாரணச் சிமெண்டாயின் ஏழு நாளாவது, இப்பொழுது பெரிதும் விற்பனையாகும் சாம்பற்கலப்புச் சிமெண்டாயின் பத்து நாளாவது, ஈரம் காயாமல் காக்க வேண்டும். கோடை வெயிலில் பதினான்கு நாள் நல்லது. இந்த வேலை யாருடையது என்று எழுதாவிட்டால், மேஸ்திரி வீட்டுக்காரரை நம்புவார், வீட்டுக்காரர் மேஸ்திரியை நம்புவார், தளம் காய்ந்து வெடிக்கும். உங்கள் வீட்டில் வேலை நடந்தால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். குளியலறைத் தரையில் ஓடு பதிப்பதற்கு முன்னால், துவாரத்தை அடைத்து ஒருநாள் முழுதும் தண்ணீர் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பார்ப்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

வேலை நடுவில் மாற்றங்கள் வரும். "இந்த அலமாரி அந்தப் பக்கம் இருந்தால் நலமாயிருக்கும்" என்று வீட்டார் சொல்லுவர், கொத்தனாரும் தலையாட்டுவார். மாதக் கடைசியில் கூடுதல் வேலை என்று ஒரு பட்டியல் வரும்போது, சொன்னவருக்கு நினைவிராது. இதற்காக நான் பள்ளிக் குறிப்பேடு ஒன்றை ஆணியில் மாட்டிவைத்தேன். மாற்றம் எதுவாயினும் தேதி, வேலை, தொகை எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். தெற்கு உத்திரத்தின் நுனி உளுத்திருந்தால் மாற்றுவதற்கு என்ன தொகை என்பதையும் அதில் முதல்நாளே எழுதிவிட்டோம். பூச்சைத் தட்டியபோது அது உளுத்துத்தான் இருந்தது. ஒருவரும் ஒருவரையும் குறைசொல்லவில்லை; எழுதியிருந்த தொகையைக் கொடுத்தேன்.

மாடி எழுப்புவதானால் உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும்; தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் இதனை ஆளுகின்றன. "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்ளுகிறேன்" என்று மேஸ்திரி சொன்னால் தாளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் செய்தும் ஏமாற்றம் நேர்ந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணையிருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடு கட்டும் பணியும் சேவையாக 1993இல் சேர்க்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது உண்டு. வழக்குக்குக் காரணம் தோன்றியதிலிருந்து இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். வழக்கறிஞர் இன்றியும் பேசலாம். ஆணையம் கேட்கப்போவது தாளையும் பற்றுச்சீட்டையும் புகைப்படத்தையுந்தான். பணத்தை வங்கி வழியே கொடுப்பது அதனாலேயே நல்லது.

பணம் கொடுப்பதில் வீட்டுக்காரருக்கும் கடமையுண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பேன். அதன்பின் முடிந்த வேலையை அளந்து, அளந்த வேலைக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் கொடுக்க வேண்டிய நாளில் கொடுத்துவிட வேண்டும். கட்டட வேலையில் சம்பள நாள் சனிக்கிழமை. அன்று மாலை மேஸ்திரியை வாசலில் நிற்கவைத்து, "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்கின்ற வீட்டுக்காரர், கல் சுமந்த சித்தாளின் வீட்டு அடுப்பை அணைக்கிறார். அந்த மேஸ்திரி அடுத்த வீட்டு முன்பணத்தில் கை வைக்க நேர்ந்தால் அதில் இவருக்கும் பங்குண்டு.

இறுதியில் பத்தில் ஒரு பங்கை முதல் மழை வரையில் நிறுத்திவைப்பதென்று நாங்கள் முன்பே எழுதியிருந்தோம். தை மாதம் தொடங்கிய வேலை ஆனிக்குள் முடிந்தது. ஐப்பசியில் முதற் பெருமழை பெய்த மறுநாட் காலை, நான் சொல்லியனுப்புவதற்கு முன்னமே மேஸ்திரி ஏணியுடன் வந்தார். முன்கட்டு ஓடும் பின்கட்டுத் தளமும் சேருமிடத்தில் உள்ளங்கையளவு ஈரம் இருந்தது. இரண்டு நாள் வெயிலுக்குக் காத்திருந்து அதைச் சரிசெய்தார். அடுத்த மழைக்கு அங்கே ஈரமில்லை. நிறுத்திய தொகையைக் கொடுத்தேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருவரும் ஒப்பமிட்டோம். அடுத்த தெருவில் வீடு புதுக்குகின்ற நண்பர் ஒருவர் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். இன்னும் திரும்பி வரவில்லை.